பழைய சின்ன மோட்டார்ஹோம்: அறிகுறி ஒரு இடத்தில், கோளாறு வேறு இடத்தில்

நாற்பது ஐம்பது வயதான சின்ன மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டிகளை வாங்கி, சரிசெய்து, சில காலம் ஓட்டி, பிறகு விற்பது பல வருடங்களாக என் வேலை. எழுபது எண்பதுகளில் டொயோட்டா பிக்கப் சேஸி மேல் கட்டிய சன்ரேடர், டால்ஃபின், ஷினூக் வண்டிகள், வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் செய்த உள்ளமைப்பு கொண்ட ஃபோக்ஸ்வேகன்கள் போன்றவை. இவற்றில் கோளாறு தெரிகிற இடத்திலேயே கோளாறு இருப்பது அபூர்வம். கறை தெரிந்த இடத்தில் பெயின்ட் அடித்துவிட்டு, அடுத்த மழையில் அதே கறையைப் பார்த்து நிற்பவர்கள் நிறைய. அதனால் கண்ணில் படுகிற அறிகுறியை வைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். ஆனால் ஈரம் பற்றிய முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உள்ளே ஏறியதும் ஈர வாடை. மேல் படுக்கை மூலையில் பழுப்புக் கறை

இந்த வண்டிகளைச் சாகடிப்பது இன்ஜின் இல்லை, தண்ணீர். ஓட்டுநர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதிதான் முதலில் போகும். காற்றையும் மழையையும் நேராக வாங்குவது அதுதான். உள்ளே மெல்லிய மரச்சட்டம், அதன் மேல் 3 மி.மீ. அளவு பிளைவுட், வெளியே அலுமினியமோ ஃபைபர்கிளாஸோ. தண்ணீர் ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக நுழைந்து, சட்டத்தோடு ஓடி, தாழ்ந்த மூலையில் போய்த் தேங்கும். கறை தெரிவது அந்த மூலையில்தான். ஓட்டை ஒரு மீட்டர் தள்ளி இருக்கும்.

என் முதல் வண்டியில் முன் ஜன்னலுக்குக் கீழே கறை இருந்தது. ஜன்னலைச் சுற்றி மூன்று முறை சீலன்ட் பூசினேன். மூன்று முறையும் மழை பெய்ததும் அதே இடம் நனைந்தது. நெற்றியில் வரிசையாக இருக்கும் சின்ன அடையாள விளக்குகளில் ஒன்றின் ரப்பர் காய்ந்து போயிருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் சட்டத்தின் இரண்டு கட்டைகள் விரலால் நோண்டினால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டன.

இப்போது நான் செய்யும் வரிசை இது. முதலில் ஈரமானி வாங்குங்கள், இரண்டு ஊசி உள்ள சாதாரண வகை போதும். சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் ஒரு முழ இடைவெளியில் அளந்து, தாளில் வண்டியின் படம் வரைந்து எண்களைக் குறியுங்கள். மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். 20ஐத் தாண்டினால் அங்கே வேலை இருக்கிறது. இந்தப் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள், வண்டியை விற்கும்போது இது பேசும்.

அடுத்து ஓட்டையைத் தேடுவது. குழாயால் தண்ணீர் அடித்துப் பார்ப்பதானால் கீழிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மேலிருந்து அடித்தால் தண்ணீர் எல்லா ஜாயின்ட்டையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. இதைவிட நல்ல வழி காற்று அழுத்தம். எல்லா ஜன்னலையும் மூடி, கூரைத் துவாரங்களை டேப் ஒட்டி அடைத்து, ஒரு ஜன்னலில் மட்டும் அட்டை வைத்து அதன் வழியாக ஊது விசிறியால் உள்ளே காற்றை ஏற்றுங்கள். வெளியே ஜாயின்ட், ஜன்னல் விளிம்பு, விளக்கு, ஏணி ஸ்க்ரூ, ஆன்டெனா அடி எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை எங்கே வளர்கிறதோ அங்கே ஓட்டை.

கண்டுபிடித்தபின் மேலே பூசுவது வேண்டாம். அந்தப் பொருளைக் கழற்றி, பழையதை முழுக்கச் சுரண்டி, பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்துத் திரும்ப முடுக்குங்கள். டேப் பிதுங்க நேரம் எடுக்கும், ஆகவே ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு நாள் விட்டு விட்டு இறுக்குவது நல்லது. கூரையில் கிடைமட்டமாக இருக்கும் ஜாயின்ட்டுகளுக்குத் தானாகப் பரவும் கூரை சீலன்ட் இருக்கிறது, அது போதும். சிலிக்கானை மட்டும் கையால் தொடாதீர்கள். அது நாளடைவில் விளிம்பில் விட்டுக்கொடுக்கும். விட்டபின் அதன் எச்சத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது, புதிய சிலிக்கான்கூட ஒட்டாது. முன்பு வைத்திருந்தவர் கூரை முழுக்கச் சிலிக்கான் பூசிய வண்டியைப் பார்த்தால், அதைச் சுரண்டவே பல நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள்.

சன்ரேடர் மாதிரி வண்டிகளில் ஃபைபர்கிளாஸ் கூடு இரண்டே பாதிகளால் ஆனது. மூலை ஜாயின்ட்டுகள் இல்லை என்பதால் அவை நீண்ட ஆயுள் உள்ளவை. ஆனாலும் இரண்டு பாதியும் சேரும் இடுப்புப் பட்டை ஒழுகும். ஃபைபர் கூடு என்றால் ஒழுகாது என்று நம்பி அந்தப் பட்டையைப் பார்க்காமல் விடக்கூடாது.

வெளிச் சுவர் கொப்புளம் போல உப்பியிருக்கிறது

பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் சுவரைப் பாருங்கள். அலையடித்தால் உள்ளே பிளைவுட்டும் ஃபைபர் தோலும் பிரிந்திருக்கின்றன. கையால் தட்டினால் பொந்துச் சத்தம் வரும். ஊசியால் பசை செலுத்தி அழுத்துகிற வேலை ஒன்று உண்டு. உள்மரம் காய்ந்து கெட்டியாக இருந்தால் மட்டுமே அது நிற்கும். ஈரத்தின் மேல் பசை விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி உப்பும். அதனால் முதல் பகுதியை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

தரை மிதித்தால் அமுங்குகிறது

கதவுக்குப் பக்கத்திலா, கழிப்பறை ஓரத்திலா, சக்கர வளைவுக்குப் பின்னாலா என்று பாருங்கள். கதவடி என்றால் மழை. கழிப்பறை, பாத்திரத் தொட்டி ஓரம் என்றால் குழாய். சக்கர வளைவு என்றால் கீழிருந்து டயர் அடிக்கும் தண்ணீர். பிசின் ஊற்றிக் கெட்டியாக்குவது உள்ளங்கை அகலச் சேதத்துக்குச் சரி. அதற்கு மேல் போனால், நல்ல மரம் வரும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை போடுங்கள்.

விளக்கு மங்குகிறது, காலையில் பேட்டரி காலி

புது பேட்டரி வாங்க ஓடும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் கழித்து வீட்டுப் பக்க பேட்டரியை (இன்ஜினுக்கு அல்லாமல், உள்விளக்கு, பம்ப் போன்றவற்றுக்கான தனி பேட்டரி) அளந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் நிறைந்த நிலை. 12.2 பாதி. 12.0 வந்துவிட்டால் கால்வாசி கூட நம்ப முடியாது. இன்ஜின் ஓடும்போது அதே இடத்தில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். இன்ஜின் பேட்டரியில் வருகிறது, வீட்டு பேட்டரியில் வரவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரிலேயோ ஐசொலேட்டரோ போய்விட்டது.

பேட்டரி நன்றாக இருந்தும் விளக்கு மங்கினால் பெரும்பாலும் எர்த் கோளாறு. தண்ணீர் பம்பை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பம்பின் நெகட்டிவ் கம்பிக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ துரு இருக்கிறது. சேஸியில் எர்த் கம்பி முடுக்கியிருக்கும் இடத்தைத் தேடி, பளபளக்கும் வரை தேய்த்து, கம்பி முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்குங்கள். இந்த ஒரு வேலையில் தீர்ந்த வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரவில் காலியாவதற்கு முக்கியமான காரணம் ஃபிரிட்ஜை 12 வோல்ட்டிலேயே மறந்து விடுவது. கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் பழைய ஃபிரிட்ஜின் 12 வோல்ட் ஹீட்டர் பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அது வண்டி ஓடும்போது மட்டும் பயன்படுத்த வேண்டியது. அது இல்லையென்றால் நெகட்டிவ் கம்பியில் ஆம்பியர் மீட்டரைச் செருகி, ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றுங்கள். எந்த ஃபியூஸைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்தச் சர்க்யூட்தான்.

இன்னொன்று. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுகிறது, மூடியைத் திறந்தால் நெடி என்றால், அந்தக் காலத்துக் கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்திலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் பெட்டி) பேட்டரி நிறைந்த பிறகும் விடாமல் சார்ஜ் ஏற்றுகிறது. அதை எடுத்துவிட்டு, மூன்று கட்டமாக சார்ஜ் செய்யும் இன்றைய கன்வெர்ட்டரைப் போடுங்கள். பழையதை வைத்துக்கொண்டு வருடம் ஒரு பேட்டரி வாங்குவதில் பொருள் இல்லை.

யாரும் குழாயைத் திறக்கவில்லை, பம்ப் மட்டும் அவ்வப்போது ஓடுகிறது

அழுத்தம் எங்கோ கசிகிறது. தரை ஈரமானால் கசிவு வெளியே. எங்கும் ஈரமில்லை என்றால் கழிப்பறை வால்வையும் பம்புக்குள் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் திரும்பா வால்வையும் சந்தேகப்படுங்கள். வெளிக் குழாயை இணைத்திருக்கும்போது வண்டியின் தண்ணீர்த் தொட்டி தானாக நிறைந்தால் அந்தத் திரும்பா வால்வேதான்.

குழாய் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக இருந்தால் அது பாலிபியூட்டிலீன். 1978 முதல் 1995 வரை பரவலாகப் போட்டது. இணைப்புகளில் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். ஒரு இணைப்பு போனால் ஒன்றை மட்டும் மாற்றாமல், முழுக்க பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுங்கள். சின்ன வண்டியில் மொத்த நீளமே சில மீட்டர்தான்.

ஃபிரிட்ஜ் குளிரவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நன்றாக இருக்கும் ஃபிரிட்ஜைத் தூக்கி எறிவதும், செத்த ஃபிரிட்ஜுக்குச் செலவு செய்வதும் அடிக்கடி நடக்கிறது.

இது வீட்டு ஃபிரிட்ஜ் போல கம்ப்ரெஸர் உள்ளது அல்ல. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய குழாய்க்குள் இருக்கின்றன. கீழே சூடு கொடுத்தால் அவை சுழன்று மேலே குளிர் தரும். சூடு கேஸிலிருந்து வரலாம், மின்சாரத்திலிருந்தும் வரலாம். அசையும் பாகமே இல்லை. ஆகவே திரவம் இறங்க வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்த இடத்தில் நாள் கணக்கில் ஓடவிட்டால் கொதிகுழாய் வறண்டு, உள்ளே இருக்கும் துருத் தடுப்பு உப்பு படிந்து அடைத்துவிடும். அந்த அடைப்பு திரும்பச் சரியாகாது.

சோதனை எளிது. வண்டியைச் சமமாக நிறுத்தி, ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டு உள்ளே வைத்து, வெளி மின்சாரத்தில் முழுசாக 24 மணி நேரம் ஓடவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் திறந்து பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், இது மெதுவாகத்தான் குளிரும். மின்சாரத்தில் குளிர்கிறது, கேஸில் குளிரவில்லை என்றால் குளிர்ப் பகுதி நலமாக இருக்கிறது. பர்னரும் புகைக்குழாயும்தான் வேலை கேட்கின்றன. இரண்டிலுமே குளிரவில்லை, ஆனால் பின்னால் கொதிகுழாய் சுடுகிறது என்றால் குளிர்ப் பகுதி போய்விட்டது.

பின்பக்கக் கதவைத் திறந்து பார்க்கும்போது குழாய்களில் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தாலோ, உடனே அணைத்து விடுங்கள். அது கசிவு. அந்தத் தூள் குரோமேட், விஷம். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவோ துடைக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளிர்கிறது, ஆனால் வெயில் நேரத்தில் போதவில்லை என்றால் அது பின்னால் காற்று ஓடாத பிரச்சினை. ஃபிரிட்ஜின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் 25 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் காற்று குழாய்களைத் தொடாமல் சும்மா மேலே போய்விடும். ஒரு தகட்டை வைத்து அந்த இடைவெளியைக் குறைத்து, மேல் துவாரத்தில் ஒரு சின்ன 12 வோல்ட் விசிறி வையுங்கள்.

செத்ததை மாற்றும்போது 12 வோல்ட் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜைப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், சமமாக நிறுத்தும் கவலை குறையும். ஆனால் பகலும் இரவும் அது பேட்டரியிலிருந்துதான் குடிக்கும். பேட்டரியையும் சூரியப் பலகையையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவெடுங்கள்.

அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிகிறது; கேஸ் வாடை

மஞ்சள் சுடர் என்றால் காற்று போதவில்லை. பல மாதம் நின்ற வண்டியில் பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். கேஸ் வெளிவரும் ஜெட்டின் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், அளவு பெரிதாகிவிடும். ஆல்கஹாலில் ஊறவைத்து ஊதினால் போதும். கறுப்புப் புகை படிகிற அடுப்பு கார்பன் மோனாக்சைடையும் விடும், அதனால் சரியாகும் வரை பற்றவைக்க வேண்டாம்.

வாடை வந்தால் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வாருங்கள். சுவிட்சைத் தொட வேண்டாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரை மட்டத்தில் தேங்கும். காற்றோட்டமானபின் இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். வண்டி எத்தனை வயதோ ரெகுலேட்டரும் ரப்பர் ஹோஸும் அத்தனை வயது என்றால் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள். கேஸ் கசிவு அலாரம் தரையோரம் இருக்கிறதா, அதன் தேதி தாண்டிவிட்டதா என்றும் பாருங்கள். பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடம்தான் அதன் ஆயுள். பச்சை விளக்கு எரிவதை வைத்து நம்பக்கூடாது.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று சத்தம்

டொயோட்டாவின் 22ஆர், 22ஆர்ஈ இன்ஜின்களில் இது எச்சரிக்கை மணி. 1983க்குப் பிறகு வந்தவற்றில் டைமிங் செயின் (வால்வுகளை இன்ஜின் சுழற்சியோடு இணைக்கும் சங்கிலி) ஒற்றை வரிசை, அதைத் தாங்கும் கைடுகளில் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் உடைந்தால் செயின் ஆடி, முன் மூடியை உள்ளிருந்து அறுக்கும். அறுத்துக்கொண்டே போய்க் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வழியைத் தொட்டால் கூலன்ட் ஆயிலில் கலக்கும். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் ஓட்டாதீர்கள். சத்தம் ஒன்றிரண்டு நொடி மட்டும் வரும் கட்டத்திலேயே செயினையும் கைடுகளையும் மாற்றினால், இரும்பு முதுகுள்ள கைடுகளாகப் போட்டால், நீண்ட காலத்துக்குக் கவலையில்லை. மற்றபடி அடித்துச் சாகடிக்க முடியாத இன்ஜின் இது.

விற்பவர் நீங்கள் போகும் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் இந்தச் சத்தம் கேட்காது. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வேகனில் பெட்ரோல் வாடை அடித்தால் எவ்வளவு லேசாக இருந்தாலும் ஓட்டக்கூடாது. காய்ந்த ஹோஸிலிருந்து பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் சொட்டி எரிந்துபோன வண்டிகள் ஏராளம். தொட்டி முதல் கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் கிளிப்பையும் ஒரே நாளில் மாற்றுங்கள். 1983 வாக்கில் வந்த தண்ணீரால் குளிரும் இன்ஜின்களில் தேட வேண்டியது வேறு. சிலிண்டர் ஹெட்டின் விளிம்பிலிருந்து கூலன்ட் சொட்டுகிறதா பாருங்கள். அதற்குப் பாஸ்பேட் இல்லாத கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், அதையும் காலாகாலத்தில் மாற்றாமல் விட்டால் அங்கே உலோகம் அரித்துப்போகும்.

கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

பல வருடம் நின்ற வண்டியில் பிரேக் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கிவிடும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே சக்கரம் சுழலும். காலிப்பரை (பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) குறை சொல்லும் முன் ஹோஸை மாற்றிப் பாருங்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது பழைய பிரேக் ஷூவின் தூசியை ஊதாதீர்கள், அந்தக் காலத்து ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு.

பின்பக்கம் இரட்டைச் சக்கரம், ஆனால் ஐந்து போல்ட்

இது கோளாறாகத் தெரியாத கோளாறு, அதனால்தான் பயங்கரமானது. ஆரம்ப கால டொயோட்டா மோட்டார்ஹோம்கள் பலவற்றில் சாதாரண பிக்கப்பின் பின் ஆக்சிலிலேயே இரட்டைச் சக்கரத்தை மாட்டிவிட்டார்கள். அந்த ஆக்சிலில் தண்டுதான் எடையையும் சுமக்கிறது, சக்கரத்தையும் பிடித்திருக்கிறது. தண்டு முறிந்தால் சக்கரமே வெளியேறிவிடும். பிறகு வந்த ஆறு போல்ட் ஆக்சில் எடையைத் தனியாகத் தாங்கும் வகை. சக்கரத்தின் நடுவே பெரிய குமிழ் போல ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பழையவற்றில் சிலவற்றைத் திரும்ப அழைத்து ஆக்சில் மாற்றிக் கொடுத்தார்கள், ஆகவே வருடத்தை வைத்து முடிவு செய்யாமல் போல்ட்டை எண்ணுங்கள். ஐந்து என்றால், ஆக்சில் மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் வண்டியின் விலை.

டயரின் பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் டாட் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் தயாரான வாரமும் வருடமும். 2419 என்றால் 2019ன் 24ஆம் வாரம். மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முந்தையது, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அன்றே கழற்றுங்கள். இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. வால்வு நீட்டிப்புக் குழாய் போட்டு இரண்டையும் அளக்கும் பழக்கம் வேண்டும். அப்புறம், வண்டியை முழுச் சாமானோடு எடை மேடையில் ஏற்றி, முன் பின் ஆக்சில் எடையைத் தனித்தனியாக எடுங்கள். சேஸித் தகட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கும்.

ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், வாங்காமல் போகிறார்கள்

விற்கும்போது வரும் கோளாறுக்கும் அறிகுறி உண்டு. அவர்கள் எந்த நிமிடத்தில் அமைதியாகிறார்கள் என்று கவனியுங்கள்.

கதவைத் திறந்ததும் அமைதியானால் வாடை. வாசனைத் திரவியம் அடித்து மறைத்தால் சந்தேகம் கூடும். முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

புதுப் பெயின்ட்டைப் பார்த்து அமைதியானால், கீழே எதை மறைத்திருக்கிறீர்கள் என்று யோசிக்கிறார்கள். உடைத்த சுவரையும் புதுச் சட்டத்தையும் வேலை நடக்கும்போதே படம் எடுத்திருந்தால் அந்த அமைதி உடனே கலையும். பழைய வண்டி தேடி வருகிறவருக்குப் பழைய மரக் கதவும் அந்தக் காலத்து மெத்தைத் துணியும் பிடிக்கும். எல்லாவற்றையும் வெள்ளையடித்து நவீனமாக்குவது எனக்குச் சம்மதமில்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழற்றியதைப் பெட்டியில் வைத்து வண்டியோடு கொடுங்கள். கூரை, டயர், பிரேக் மூன்றுக்கும் செய்த செலவை வாங்குபவர் மதிப்பார். நீங்கள் தேர்ந்தெடுத்த திரைச்சீலைக்கு அவர் பணம் தர மாட்டார்.

காகிதத்தைப் பார்த்ததும் அமைதியானால் வருடக் குழப்பம். சேஸி ஒரு வருடம் தயாராகி, கூடு அடுத்த வருடம் கட்டியிருப்பார்கள், பதிவில் ஏதோ ஒன்று ஏறியிருக்கும். சேஸி எண்ணையும் கூடு கட்டியவர் ஒட்டிய தகட்டையும் படமெடுத்து, இந்த வித்தியாசத்தை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். வாங்குபவர் தானாகக் கண்டுபிடித்தால் அது ஏமாற்று போலத் தெரியும்.

விலையைக் கேட்டபின்தான் அமைதி என்றால், அப்போதுதான் விலை பிரச்சினை. அதற்கு முன் குறைக்காதீர்கள்.

நான் இப்போது இன்ஜினைக் குளிரவைத்தே காத்திருப்பேன். ஃபிரிட்ஜை முந்தின நாளே போட்டு, தெர்மாமீட்டர் டம்ளரை உள்ளேயே விட்டிருப்பேன். மேசை மேல் ஈர அளவு குறித்த படம், எடை மேடைச் சீட்டு, டயர் தேதி, இன்னும் சரிசெய்யாத குறைகளின் பட்டியல். கடைசியாக விற்ற வண்டியின் பட்டியலில் ஏழு குறைகள் இருந்தன. வந்தவர் அதை இரண்டு முறை படித்தார், ஈரமானியைக் கேட்டு வாங்கி நான் குறித்த எண்களில் பத்து இடங்களைத் தானே அளந்தார், பிறகு பேரம் பேசாமல் சாவியைக் கேட்டார்.